வலது பக்கம் இடது மறை

அத்தியாயம் 6

அந்த சைக்கிளுக்குக் கால்கள் இல்லை.

மடித்து வைத்தால் ஒரு சூட்கேஸ் அளவுக்குச் சுருங்கிவிடுகிற சின்னச் சக்கர சைக்கிள் அது. ஹேண்டில்பார் இருந்தது, சீட்டு இருந்தது, இரண்டு சக்கரங்களும் இருந்தன. பெடல்களையும், பெடல்களைத் தாங்குகிற கிராங்குகளையும், செயினையும் மட்டும் கழற்றி எடுத்திருந்தார்கள். கிராங்குகள் மாட்டுகிற இருசின் இரண்டு முனைகள் வெட்டுப்பட்ட எலும்பைப் போலத் துருத்திக்கொண்டிருந்தன.

டில்லிபாபு அதைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். தாழ்ப்பாள் பிய்ந்து ஒற்றை ஆணியில் தொங்கியது. பட்டப்பகலில், பெண்கள் தங்கியிருக்கிற விடுதிக்குள் நுழைந்து இதைப் பிய்த்தவன், இன்னொரு முறை வர எவ்வளவு நேரம் ஆகும்? பயம் வந்தால் அவனுக்கு வாய் நிற்காது.

"மேடம், கதவ ஒட்ச்சவன் அவன் வேலைய முடிச்சுட்டான். நம்ம வேலைய பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்து பாத்தா இன்னா? அங்க கூட்டமாவும் இருக்கும், பஜ்ஜியும் கிடைக்கும்."

இசைவாணி திரும்பவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்குகளை மோப்பம் பிடித்தே தலையில் பாதி நரைத்தவள் அவள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு செல்போன் கடையின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறாள். டில்லிபாபு அவளுக்கு உதவியாளன், வண்டி ஓட்டி, டீ வாங்கி, சமயத்தில் கேடயம்.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றாள் கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்த மாரிசெல்வியிடம். "சுகப்பிரியா போன்ல என்ன சொன்னாளோ, அதை அப்படியே."

சுகப்பிரியாவும் மாரிசெல்வியும் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு ஒரே அறையில் தங்கியிருந்தவர்கள். நேற்று ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறிய சுகப்பிரியா விடுதி வாசலில் இறங்கவே இல்லை.

"காலையில அவ நம்பர்ல இருந்து வந்துச்சுக்கா. 'நான் நல்லாருக்கேன், என்னையத் தேட வேண்டாம், போலீசுக்குப் போயிராத'ன்னா. பொறவு, 'ரத்தினம் அண்ணன் கடையில சைக்கிள் சாமான் சொல்லி வச்சிருக்கேன், வாங்கிரு. வலது பக்கம் இடது மறை. மறந்துராத, வலது பக்கம் இடது மறை'ன்னா. அவ்வளவுதான். வச்சிட்டாங்க."

"வச்சிட்டாளா, வச்சிட்டாங்களா?"

"யாரோ பிடுங்குன மாதிரிதான் கேட்டுச்சுக்கா. வலது பக்கம் இருக்கத எடுத்து இடது பக்கம் மறைச்சு வைன்னு சொல்லுதாளோன்னு வலது பக்கம் பூராத் தேடிப் பாத்தேன். ஒண்ணுமில்ல. கீழ போய் சோறு வாங்கிட்டு வாறதுக்குள்ள ரூமு இந்தக் கோலத்துல கிடக்கு."

அறையின் கோலத்தை இசைவாணி சுட்டிக்காட்டினாள். "டில்லி, இதுல உனக்கு என்ன தெரியுது?"

"சைக்கிளு தெரியுது மேடம், தும்பிக்கையில்லாத யானை மாதிரி."

"சரியாப் பாரு."

பார்த்தான். இடது பக்கத்து மெத்தை கிழிந்து பஞ்சு வெளியே வந்திருந்தது. இடது பக்கத்து அலமாரி கவிழ்ந்து கிடந்தது. இடது சுவரில் இருந்த சுவிட்ச் பெட்டியைக்கூடத் திருகி எடுத்திருந்தார்கள். வலது பக்கமோ மடித்து வைத்த துணி மடித்தபடியே இருந்தது.

"வந்தவனுக்கு வலது பக்கம் கண்ணு தெரியாதோ?"

"அவனும் அந்த போனைக் கேட்டிருக்கான். இவளுக்குப் புரிஞ்ச மாதிரியேதான் அவனுக்கும் புரிஞ்சிருக்கு. இடது பக்கத்துல மறைச்சிருக்கு, அவ்வளவுதான். அப்படின்னா சுகப்பிரியா பேசும்போது அவன் பக்கத்துலேயே நின்னுட்டு இருந்திருக்கான்."

டில்லிபாபு ஒற்றை ஆணியில் தொங்கிய தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தான்.

"எதைத் தேடறாங்க?" என்று கேட்டாள் இசைவாணி.

"அது தெரியாதுக்கா. கம்பெனியில வேலை பாக்க லைன்ல இருந்து எதையோ எடுத்தா. என்னன்னு என்கிட்டயே சொல்லல. தெரிஞ்சா உனக்கும் ஆபத்துன்னா." மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவளுக்குப் பேசி வச்சிருக்க கொம்பையா அண்ணனுக்கு அங்கதான் முட்டி போச்சு. வெல்டிங் ரோபோ அடிச்சிட்டு. அவரே வேலி ஏறிக் குதிச்சு உள்ள போனாருன்னு கம்பெனி சொல்லுது. இந்த சைக்கிளும் அவருக்குத்தான். இடது முட்டி பாதிதான் மடங்கும். அதான் இடது கிராங்கு கட்டையா, வலது கிராங்கு நெட்டையா வேணும்னு கடை கடையா அலைஞ்சா. படுத்துக்கிட்டே போன்ல அளவு பாப்பா. எத்தனை பல்லு, என்ன செயினுன்னு ஓயாம பேசுவா. மடிச்சிட்டா கம்பெனி பஸ்ஸுல தூக்கிட்டு ஏறிரலாம்லா."

"வலது பக்கம் இடது மறை," என்று இசைவாணி முணுமுணுத்தாள். "இடது மறை... மறை..."

"இப்டியே சொல்லிகினு இருந்தீங்கன்னா எனக்கு மறை கழண்டுடும் மேடம்."

அவள் சட்டென்று திரும்பினாள். "என்ன சொன்னே?"

"தப்பா ஒண்ணும் சொல்லல மேடம். மறை கழண்டுடும்னேன். லூசாயிடுவேன்னு..."

"திருகாணியில சுத்திச் சுத்தி வெட்டியிருக்கிற மறை! அதைத்தான் சொல்லியிருக்கா. பக்கத்துல நிக்கிறவன் 'மறைச்சு வை'ன்னு புரிஞ்சுக்கட்டும்னே சொல்லியிருக்கா. சைக்கிளைத் தூக்கு, ரத்தினம் கடைக்குப் போறோம்."

"நானா?"

"உனக்குக் கால் இருக்கு. அதுக்கு இல்ல."

இசைவாணி வண்டியை ஓட்ட, டில்லிபாபு பின்னால் சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கன்டெய்னர் லாரிகள் உரசிக்கொண்டு போயின. ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் யாரோ தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. ஒரு வெள்ளைக் கார் வெகுநேரம் பின்னாலேயே வந்தது. அது ஒரு தொழிற்சாலை வாசலில் திரும்பிப் போன பிறகும் அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

ஒரகடம் கூட்டுரோட்டுக்குச் சற்று உள்ளே இருந்தது ரத்தினத்தின் கடை. இசைவாணி வண்டியை ஓரங்கட்டிவிட்டு முன்னால் போனாள். சைக்கிளைத் தோளில் ஏற்றிக்கொண்டு டில்லிபாபு வாசலுக்கு வந்தபோது உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது.

"வலது பக்கத்துக்கு இடது மறை போட்ட பெடல். இருக்கா, இல்லையா?"

டில்லிபாபு வாசற்படியிலேயே நின்றான்.

கட்டம் போட்ட சட்டை. இஸ்திரி மடிப்பு கலையாத பேன்ட். கையில் அட்டைப்பெட்டி பிரிக்கிற கட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் பிளேடை வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதுமாக இருந்தான் அந்த ஆள். கிளிக். கிளிக்.

"சார், எத்தினி வாட்டி சொல்றது?" என்றார் ரத்தினம், கிரீஸ் கையை பனியனில் துடைத்தபடி. "வலது பெடலுக்கு வலது மறை, இடது பெடலுக்கு இடது மறை. அப்பதான் மிதிக்க மிதிக்கக் கழலாது. நீங்க கேக்குற பெடலு எந்தக் கடையிலயும் கிடையாது."

இல்லாத பெடலைக் கேட்டு ஒருவன் வருகிறான் என்றால், அந்த வார்த்தைகளை அவன் ஒரே ஒரு இடத்தில்தான் கேட்டிருக்க முடியும். டில்லிபாபுவுக்குப் புரிந்துவிட்டது. இசைவாணிக்கு அவனுக்கு முன்பே புரிந்திருந்தது. அவள் கடைக்குள் நுழைந்த வேகத்திலேயே கல்லாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு வாசலைப் பார்த்துக் கத்தினாள்.

"டில்லி! ஹாஸ்டலுக்குப் போய் ஒரு சைக்கிளை எடுத்துட்டு வர இவ்வளவு நேரமா? அண்ணன் எப்பலேருந்து திட்டிட்டு இருக்காரு!"

யாரையும் திட்டாத ரத்தினம் வாயைத் திறந்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண் தன் கல்லாவில் நிற்பதைப் பார்த்தார். அவள் கண்ணையும் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"டிராபிக்குக்கா," என்றான் டில்லிபாபு. அவன் குரல் அவனுக்கே ஒரு எலியின் குரலாகக் கேட்டது.

"என்ன சார் வேணும்?" இசைவாணி கட்டம் போட்ட சட்டையிடம் சிரித்தாள். "பெடலா?"

பாவம், ரத்தினம் தொழில் தெரிந்தவர். அவரால் சும்மா இருக்க முடியவில்லை. "பெடலே இல்லம்மா அது. வலது பக்கத்துல இடது மறை வர்றது சைக்கிள்லயே ஒரே ஒரு எடம்தான். இருசு உக்கார்ற கொழாய்க்கு வலது பக்கத்துல மூடியிருக்குமே, கப்பு, அதுலதான்."

கிளிக் சத்தம் நின்றது.

அந்த ஆளின் பார்வை ரத்தினத்தின் முகத்திலிருந்து மெதுவாக நகர்ந்து டில்லிபாபுவின் தோளுக்கு வந்தது. தோளில் இருந்த சைக்கிளுக்கு. இருசுக் குழாயின் வலது பக்கத்தை மூடியிருந்த துருப்பிடித்த வட்டத்துக்கு. காலையிலிருந்து எல்லோரும் தலைகீழாகத் தேடுகிற பொருள் தன் காதுக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்று டில்லிபாபுவுக்குத் தெரிந்த கணம் அதுதான். தோள் எரிந்தது.

"அது யார் சைக்கிள்?"

"சுகப்பிரியான்னு ஒரு பொண்ணோடது சார்," என்றாள் இசைவாணி, பெயரை மறைக்காமல். "பார்ட்ஸ் மாத்தச் சொல்லியிருந்தா."

"என் சொந்தக்காரப் பொண்ணுதான். அந்தக் கப்பைக் கழட்டு."

"கழட்டலாம் சார். ஆனா பழைய கப்பு, கழட்டினா மறுபடி உதவாது. புதுசு போடணும். அதுக்கு ஏத்த இருசு, இருசுக்கு ஏத்த கிராங்கு, கிராங்குக்கு ஏத்த பல் சக்கரம், அதுக்கு ஏத்த செயின். ஒண்ணு மாறினா எல்லாம் மாறும். நாளைக்கு அந்தப் பொண்ணு வந்து சண்டை போட்டா? நீங்க சொந்தம்தானே, ஒரு போன் போடுங்க. அளவைக் கேட்டுக்கிட்டு உடனே கழட்டித் தர்றோம்."

"அளவெல்லாம் வேணாம். கழட்டுன்னா கழட்டு."

"கடைக்குன்னு ஒரு பேரு கீதில்ல சார்," என்றார் ரத்தினம். அவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆனால் கட்டரைப் பார்த்த பிறகு எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று தெரிந்திருந்தது.

டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் சேர்வது அந்த ஆளுக்குப் பிடிக்கவில்லை. போனை எடுத்து, "அவகிட்ட குடுடா," என்று யாரிடமோ சொல்லிவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். "சைக்கிள் விஷயம் மட்டும்தான் பேசணும்."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். வறண்ட மூச்சு.

"வணக்கம்மா. ரத்தினம் கடையிலேருந்து பேசறோம்," என்றாள் இசைவாணி. "உன் சைக்கிளோட வலது கப்பைக் கழட்டப்போறோம். என்னென்ன போடணும்னு ஒரு தடவை சொல்லிடு."

கண்டுபிடித்தது யார், நல்லவர்களா கெட்டவர்களா என்று அந்தப் பெண் எடை போடுகிறாள் போலிருந்தது.

"அந்தக் கட்டை கிராங்கு யாருக்குன்னு தெரியும்மா. முட்டிக்கு இதமா இருக்கணும்னு மாரிசெல்வி சொல்லிச்சு," என்றாள் இசைவாணி.

மூச்சு லேசாக உடைந்தது. "சொல்லுதேன்கா. வலது கிராங்கு நூத்தியெழுபது. இடது கிராங்கு நூத்திநாப்பது."

"முன்னாடி பல் சக்கரம்?"

"அம்பத்திரண்டு பல்லு. சக்கரம் சின்னதுல்லா. முன்னால பெருசா இருந்தாத்தான் கால் பதறாம மிதிக்கலாம்."

"சரி. பின்னாடி ஃப்ரீவீல்?"

"நாப்பத்தொண்ணு."

ரத்தினத்தின் புருவம் நெற்றி உச்சிக்கே போனது. பின்னால் பதினாறோ பதினெட்டோ பல் இருக்கும். நாற்பத்தொன்றைப் போட்டால் சைக்கிளை நடந்து போகிறவன் முந்திவிடுவான். இசைவாணியின் செருப்பு அவர் பாதத்தின் மேல் ஏறி நின்றது. அவர் புருவத்தை இறக்கிக்கொண்டார்.

"நாப்பத்தொண்ணு, எழுதிக்கிட்டேன். செயின் எத்தனை கண்ணி?"

"ரெண்டு. ரெண்டே கண்ணிதான்கா."

இரண்டு கண்ணியில் செயின் இல்லை, சாவிக்கொத்துக்கு வளையம்கூட வராது. அப்படியென்றால், காவலுக்கு இரண்டு பேர்.

"எப்ப வேணும்மா?"

"இருட்டுறதுக்குள்ள மாட்டிருங்கக்கா. இருட்டினா அவங்க வேற ஊருக்குக் கொண்டு போயிருவாங்க... சைக்கிள."

"போதும்," என்று அந்த ஆள் இணைப்பைத் துண்டித்தான். "அளவு வந்துடுச்சுல்ல? கழட்டு."

நாற்பத்தொன்று. டில்லிபாபுவின் மண்டைக்குள் அந்த எண் ஒரு இரும்புக் கதவில் வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தது. இந்த வேலைக்கு வருமுன் ஷிப்டு வேன் ஓட்டியவன் அவன். வல்லம் வடகாலில் ஷெட்டுகளுக்கு எல்லாம் ஆள் உயரத்துக்கு எண் போட்டிருப்பார்கள். நாற்பத்தொன்று, ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கிற ஒன்று. ஆனால் அதை இந்த ஆளின் முன்னால் எப்படிச் சொல்வது?

"அக்கா," என்றான். "நாப்பத்தொண்ணு நம்மகிட்ட ஸ்டாக் இல்லக்கா. நான் மின்ன வேன் ஓட்டிகினு இருந்த எடத்துலதான் கீது. உள்ளாற, எப்பவும் மூடிக் கெடக்குமே, அந்தக் கடை. அங்க."

இசைவாணியின் கண்கள் ஒரு கணம் மின்னின. "அப்ப நானே போய் எடுத்துட்டு வந்துடறேன். நீ கப்பைக் கழட்டிட்டு இரு."

"நானா?" அந்த நாளில் அவன் இரண்டாவது முறையாகக் கேட்டான். இந்த முறை அதில் வேடிக்கை இல்லை.

"நீதான். எல்லாத்தையும் எப்படிக் கழட்டுவியோ, இதையும் அப்படியே கழட்டு. புரியுதா?"

வண்டிச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

சைக்கிளைத் தாங்கியில் பூட்டினார்கள். ரத்தினம் பெரிய ஸ்பானரைக் கொடுத்தார். அந்த ஆள் டில்லிபாபுவின் தோளுக்குப் பின்னால் வந்து நின்றான். கிளிக். கிளிக்.

எல்லாத்தையும் கழட்டுற மாதிரி. சாதாரணத் திருகாணி எல்லாம் இடப்பக்கம் திருப்பினால் கழலும். இது இடது மறை. இதை இடப்பக்கம் திருப்பினால் இறுகும். டில்லிபாபு ஸ்பானரைப் பிடித்தான், இடப்பக்கம் திருப்பினான், பல்லைக் கடித்துக்கொண்டு தொங்கினான்.

"வரல சார். துரு."

"இன்னும் அழுத்து."

அழுத்தினான். கப்பு அரை நூல் இறுகியது. ரத்தினம் ஒரு முறை உற்றுப் பார்த்தார். புரிந்துகொண்டு விட்டத்தைப் பார்த்தார். "அப்டியே போடுப்பா. கொஞ்சம் எண்ணெ விட்டுட்டுப் போடு."

எண்ணெய் விட்டார்கள். ஊற வைத்தார்கள். சுத்தியலால் தட்டினார்கள். ஸ்பானருக்கு நீளக் குழாய் ஒன்றை மாட்டினார்கள். பொறுமை இழந்த அந்த ஆள் கட்டரைச் சட்டைப் பையில் செருகிவிட்டுத் தானும் வந்து கை கொடுத்தான். அவனுடைய மூச்சு டில்லிபாபுவின் கழுத்தில் சூடாகப் பட்டது. இருவரும் சேர்ந்து, வியர்வை சொட்டச் சொட்ட, அவன் தேடி வந்த பொருளை மேலும் மேலும் பத்திரப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

திடீரென்று அவன் கை நின்றது. "உன் விரல்ல ஒரு பொட்டு கிரீஸ் கறை இல்லையே. இந்தக் கடையிலதான் வேலை செய்யறியா?"

டில்லிபாபு சிரிக்கப் பார்த்தான். பயந்தால் நிற்காத வாய், பயத்தின் அடிமட்டத்தில் நின்றேவிட்டது. சட்டைப் பையிலிருந்து கட்டர் வெளியே வந்தது. பிளேடு கடைசிக் கட்டம் வரை நீண்டது.

அப்போது அந்த ஆளின் போன் அடித்தது. கூட்டாளியின் எண். கண்ணை டில்லிபாபுவிடமிருந்து எடுக்காமல் அழுத்தினான். ஸ்பீக்கர் அணைக்கப்படாமல் இருந்தது.

"சார், நீங்க கேட்ட நாப்பத்தொண்ணு கிடைச்சிடுச்சு," என்றாள் இசைவாணி. "ரெண்டு கண்ணியும் போலீஸ் ஜீப்புல உக்காந்திருக்கு. இன்னொரு ஜீப் அங்க வந்துட்டு இருக்கு."

கூட்டுரோட்டுப் பக்கமிருந்து சைரன் கேட்டது. அந்த ஆள் போனை மேசை மேல் போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாகப் பாய்ந்தான். ரத்தினம், தன் வாழ்நாளின் முதல் வீரச்செயலாக, ஒரு டயரை உருட்டிவிட்டார். அதில் இடறி விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் அவன் மேல் இருந்தார்கள்.

டில்லிபாபு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மேசை மேலிருந்த போன் பேசியது. இந்த முறை சுகப்பிரியாவின் கரகரத்த குரல். "அண்ணே, அந்தக் கப்பை இப்ப வலது பக்கமாத் திருப்புங்க. சீக்கிரம்."

அவ்வளவு இறுக்கியதைக் கழற்ற ரத்தினமும் அவனும் சேர்ந்து தொங்க வேண்டியிருந்தது. கப்பு கழன்றது. ஒரு பட்டையான துண்டு வந்து விழுந்தது. இருசைச் சுற்றி உருளுகிற பால்ரஸ் குண்டுகள் அதன் மேல் எறும்பு மொய்ப்பது போல அப்பிக்கொண்டிருந்தன.

"காந்தம்," என்றான்.

"ரோபோ நிக்கிற கூண்டுக் கதவுல ஒட்டுறது. இது இருந்தா, கதவு திறந்து கிடந்தாலும் மூடியிருக்குன்னு ரோபோ நினைச்சுக்கிடும். ஆள் உள்ள போனாலும் நிக்காது. உற்பத்தி குறையக் கூடாதுன்னு அவங்களே செஞ்சு ஒட்டினது. கொம்பையா அத்தான் எந்த வேலியும் ஏறல. திறந்த கதவு வழியாத்தான் போனாவ." சுகப்பிரியா மூச்சு வாங்கினாள். "பின்னாடி எண் வெட்டியிருக்கும். எடுத்த அவசரத்துல நான் பாக்கல, வாசிங்கண்ணே."

குண்டுகளை வழித்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்தான். "அஞ்சு, ஒரு கோடு, எட்டு."



"எட்டுல அஞ்சாவது," என்றாள் சுகப்பிரியா. "எங்க கூண்டுல மட்டும்தான் இருக்குன்னு நினைச்சேன். அப்ப இன்னும் ஏழு இருக்குண்ணே. ஏழு கூண்டுலயும் ரெண்டாம் ஷிப்டு இப்ப ஏறப்போகுது."

டில்லிபாபு நிமிர்ந்து சாலையைப் பார்த்தான். அந்தக் கம்பெனியின் பஸ் கூட்டுரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் நீலச் சட்டை போட்ட பெண்கள், தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வேலைக்கு முன்னால் கிடைக்கிற கடைசித் தூக்கத்தைத் தூங்கிக்கொண்டு போனார்கள்.

பயத்தோடேயே ஓடினான். லாரிகளுக்கு நடுவே புகுந்து, நடுச்சாலையில், பஸ்ஸுக்கு நேர் எதிரே போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றான். டிரைவர் ஹாரனை அழுத்திப் பிடித்தார். பஸ் பெரிதாகிக்கொண்டே வந்தது. டில்லிபாபு கண்களை இறுக மூடிக்கொண்டான்.

அவன் நகரவில்லை.